எந்த அலுவலகம், எந்த அமைச்சகம்? பாதுகாப்பு அமைச்சகம் பற்றி குமரி வாசகர்கள்

குமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதுகாப்பு அமைச்சகம் தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

பாதுகாப்பு அமைச்சர், பாதுகாப்புச் செயலர், முப்படைத் தலைமைத் தளபதி, ராணுவத் தளபதி என்று இத்தனை பேர் இருக்கிறார்களே, படைக்கு உத்தரவு போடுபவர் யார்? குடியரசுத் தலைவர்தான் என்று பாடத்தில் படித்தோம்.
– கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பாடத்தில் உள்ளது சரிதான். அரசமைப்புச் சட்டத்தின் 53-வது பிரிவு படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைக்கிறது. அதைச் சட்டப்படியே செலுத்த வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நடைமுறையில் அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆகவே போரா இல்லையா, எல்லை தாண்டலாமா என்பது போன்ற முடிவுகள் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவில் எடுக்கப்படும். பிரதமர் தலைவர், பாதுகாப்பு, உள்துறை, நிதி, வெளியுறவு அமைச்சர்கள் உறுப்பினர்கள். பாதுகாப்பு அமைச்சர் தனியாக இதை முடிவு செய்ய முடியாது.

முடிவு வந்தபின் அதை நிறைவேற்றுவது அந்தந்தப் படைத் தளபதி. எந்தப் படைப்பிரிவு எந்த மலையில் ஏற வேண்டும் என்று அமைச்சகம் சொல்வதில்லை. அமைச்சகத்தின் வேலை கொள்கை, பணம், ஆள், கருவி, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்வது ஆகியவைதான். அதற்காக அதில் ஐந்து துறைகள் உண்டு: பாதுகாப்புத் துறை, ராணுவ விவகாரத் துறை, பாதுகாப்பு உற்பத்தித் துறை, ஆராய்ச்சி மேம்பாட்டுத் துறை, முன்னாள் படைவீரர் நலத் துறை.

அதிகக் குழப்பம் முப்படைத் தலைமைத் தளபதி பற்றித்தான். 2020 ஜனவரி 1-ல் ஜெனரல் பிபின் ராவத் முதல் ஆளாகப் பொறுப்பேற்ற பதவி இது. பெயரைப் பார்த்தால் மூன்று படைகளுக்கும் மேலே இவர் என்று தோன்றும். ஆனால் படைகள் மீதோ மூன்று தளபதிகள் மீதோ இவருக்குக் கட்டளை அதிகாரம் கிடையாது என்று அந்தப் பதவியை உருவாக்கியபோதே அரசு தெளிவாகச் சொன்னது. இவர் ராணுவ விவகாரத் துறையின் செயலர், தளபதிகள் குழுவின் நிரந்தரத் தலைவர், முப்படைக்கும் பொதுவான விஷயங்களில் அமைச்சரின் முதன்மை ஆலோசகர். சீருடை அணிந்த ஒருவர் அமைச்சகத்துக்குள்ளேயே செயலராக உட்கார்ந்தது பெரிய மாற்றம்தான். அதற்கு முன் படைத் தலைமையகங்கள் கோப்பு அனுப்பும், அமைச்சகத்தில் இருப்பவர்கள் குறிப்பு எழுதித் திருப்புவார்கள். இப்போதும் பெரிய ஆயுதக் கொள்முதல் பாதுகாப்புச் செயலரின் துறையில்தான் இருக்கிறது. அது சீருடைக்காரரிடம் போகவில்லை.

ஒக்கி புயல் நேரத்தில் கலெக்டர் எழுத வேண்டும், தில்லி சொல்ல வேண்டும் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். படகு காணாமல் போனால் யாரிடம் போக வேண்டும்? அமைச்சகத்தின் அனுமதி வரும்வரை கப்பல் கிளம்பாதா?
– விசைப்படகு உரிமையாளர்கள், வள்ளவிளை, தூத்தூர்

கிளம்பும். கடலில் உயிர் மீட்புக்குத் தில்லியின் அனுமதி தேவையில்லை. இந்தியக் கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் 1978-ம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறது. கடல் மீட்புக்கு நாட்டளவில் பொறுப்பும் அதற்கே. மும்பை, சென்னை, போர்ட் பிளேரில் அதன் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் 24 மணி நேரமும் இயங்குகின்றன. அருகில் எந்தக் கப்பல் இருக்கிறது, எந்த விமானத்தை அனுப்பலாம், வழியில் போகும் சரக்குக் கப்பலைத் திருப்பலாமா என்பதை அந்த மையங்களே முடிவு செய்யும். கடற்படை, விமானப்படை உதவி வேண்டுமானால் கேட்பதும் அவர்களே. இந்தியாவின் பொறுப்பில் உள்ள மீட்புக் கடற்பரப்பு ஏறக்குறைய 46 லட்சம் சதுர கிலோமீட்டர். எங்கே தேட வேண்டும் என்று சொல்லாமல் ‘தேடுங்கள்’ என்று மட்டும் சொன்னால் பலனில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

கரையிலிருந்து அழைக்க வேண்டிய எண்கள் இரண்டு. கடலோரக் காவல்படைக்கு 1554. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு, அதாவது மாநிலப் போலீஸுக்கு, 1093. இரண்டையும் அழையுங்கள். மீன்வளத் துறைக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் அடுத்தபடியாகத் தகவல் கொடுங்கள். மனு எழுதிக் கையெழுத்து வாங்கி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோவதை முதல் வேலையாக வைக்கக் கூடாது. நின்றுபோன படகு மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தில் மிதந்தால்கூட ஒரு நாளில் 24 கடல் மைல், அதாவது சுமார் 44 கிலோமீட்டர் விலகிவிடும். எந்தத் திசையில் விலகியது என்று தெரியாவிட்டால் அந்த அளவை ஆரமாக வைத்து ஒரு வட்டம் முழுவதும் தேட வேண்டியிருக்கும்.

சொல்ல வேண்டியவை: படகின் பெயர், ஐஎன்டி-டிஎன்-15 என்று தொடங்கும் பதிவு எண், நிறம், ஆட்கள் எத்தனை, சாட்டிலைட் போன் இருந்தால் அதன் எண், மிச்சமுள்ள டீசலும் தண்ணீரும், கடைசியாகப் பேசிய நேரம், அப்போது எந்தத் திசையில் ஓடிக்கொண்டிருந்தது. இவை எல்லாவற்றையும்விட முக்கியம் கடைசி இடம். அதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. ‘குளச்சலிலிருந்து பத்து மணி நேர ஓட்டம்’, ‘இத்தனை பாகம் ஆழம்’, ‘வெட்ஜ் பேங்கில் நிற்கிறோம்’ என்பவை கடலோடிக்குப் புரியும், மீட்பு மையத்துக்கு உதவாது. வெட்ஜ் பேங்க் என்ற மீன்பிடிக் கடற்பகுதி பல ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பு.

அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லும்போதும் கவனம் தேவை. ஜிபிஎஸ் திரையில் 07 30.000 என்று தெரிந்தால் அது 7 டிகிரி 30 நிமிடம். அதைப் போனில் ‘ஏழு புள்ளி முப்பது’ என்று சொன்னால், எழுதுபவர் 7.30 டிகிரி என்று குறித்துக்கொள்வார். 7.30 டிகிரி என்றால் 7 டிகிரி 18 நிமிடம். இந்த ஒரு வார்த்தையில் 12 கடல் மைல், ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தெற்கே தேட வைத்துவிடுவோம். ‘ஏழு டிகிரி, முப்பது நிமிடம்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். நிமிடத்துக்குப் பிறகு புள்ளி வைத்து எண் இருந்தால் அதை வினாடி என்று சொல்லாதீர்கள்.

தூத்தூர் வட்டாரப் படகுகள் கொச்சியிலிருந்தும் அதற்கு வடக்கேயுள்ள துறைமுகங்களிலிருந்தும் தொழிலுக்குப் போவதால் இன்னொரு சிக்கல் உண்டு. லட்சத்தீவு, கேரளக் கடல் பக்கம் மும்பை மையத்தின் பொறுப்பு. வங்கக் கடல் பக்கம் சென்னை மையத்தின் பொறுப்பு. ஊர் தமிழ்நாடு என்பதற்காகச் சென்னையையே பிடித்துத் தொங்க வேண்டாம். எந்தத் துறைமுகத்திலிருந்து போனது, எந்தக் கடல் என்று சொன்னால் அவர்களே சரியான மையத்துக்கு மாற்றுவார்கள். படகில் டேட் எனப்படும் ஆபத்து அறிவிப்புக் கருவி இருந்தால் ஆபத்தில் பட்டனை அழுத்தியதும் செயற்கைக்கோள் வழியாகப் படகின் அடையாளமும் இடமும் தரைநிலையத்துக்குப் போய், அங்கிருந்து இதே மீட்பு மையங்களுக்கு வரும். பாட்டரி செத்துப்போன கருவியை வீல் ஹவுஸில் மாட்டி வைத்திருப்பதால் பயனில்லை; அதைவிட மோசம், படகை விற்றபின் பதிவை மாற்றாமல் விடுவது. பழைய உரிமையாளர் வீட்டுக்குத்தான் போன் போகும்.

கலெக்டர் எழுத வேண்டும் என்று சொன்னவர்கள் வேறொரு நடைமுறையை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். கரையில் வெள்ளம், கட்டட இடிபாடு போன்றவற்றுக்குத் தரைப்படையைக் கூப்பிட மாநில நிர்வாகம்தான் கேட்க வேண்டும். வழக்கமாக மாநில அரசு வழியாகக் கோரிக்கை போகும், நேரமில்லாவிட்டால் கலெக்டரே பக்கத்து ராணுவ நிலையத்தைக் கேட்கலாம். நமக்குப் பக்கம் சென்னை அல்ல, திருவனந்தபுரம். பாங்கோட்டில் ராணுவ நிலையம், ஆக்குளத்தில் விமானப்படையின் தென் மண்டலத் தலைமையகம், விழிஞ்ஞத்தில் கடலோரக் காவல்படை நிலையம் இருக்கின்றன. மாநில எல்லை இதற்குத் தடையில்லை. செலவைப் பின்னால் மாநிலத்திடம் கேட்கும் வழக்கம் உண்டு. விமான மீட்புக்கான பல ஆண்டுப் பாக்கி என்று ரூ.132 கோடிக்கு மேல் கேட்டு 2024-ல் கேரளத்துக்குக் கடிதம் போனது பெரிய விவாதமானது.

எங்கள் மீனவர்களை வெளிநாட்டுக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் பாதுகாப்பு அமைச்சருக்கு மனு கொடுக்கிறோம். அது சரியா?
– குளச்சல் வாசகர்

இலங்கை பிடித்தாலும், டீகோ கார்சியா பக்கம் பிரிட்டிஷார் பிடித்தாலும், அது வெளியுறவு அமைச்சகத்தின் வேலை. அந்தந்த நாட்டிலுள்ள நம் தூதரகம் வழியாகத்தான் வழக்கறிஞர் ஏற்பாடும் விடுதலைப் பேச்சும் நடக்கும். மாநில மீன்வளத் துறையிடம் ஆட்களின் பெயர்ப் பட்டியலும் படகின் ஆவணங்களும் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். தூதரகம் முதலில் கேட்பது அதைத்தான்.

கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இறந்துவிட்டார். எனக்குக் குடும்ப ஓய்வூதியம். இ-சேவை மையத்தில் லைஃப் சர்டிபிகேட் போட்டும் பென்ஷன் நின்றுவிட்டது. வங்கியில் கேட்டால் ‘எங்களிடம் இல்லை’ என்கிறார்கள்.
– பூதப்பாண்டி வாசகி

வங்கி சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். முன்பு பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்தை வங்கிகள் கணக்கிட்டு வழங்கின. இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய முறைக்கு மாறிவிட்டது. பாதுகாப்புக் கணக்குத் துறையின் பிரயாக்ராஜ் ஓய்வூதிய அலுவலகம் நேராக உங்கள் கணக்கில் பணம் போடுகிறது. வங்கிக்கு அதில் வேறு வேலை இல்லை.

உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். ஜீவன் பிரமாண் என்ற இணைய உயிர்ச்சான்று முறையில் பதியும்போது ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் பழைய வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தால் சான்று வங்கிக்குப் போயிருக்கும், ஸ்பர்ஷுக்கு வந்திருக்காது. அனுமதி வழங்கும் அமைப்பு ‘டிஃபன்ஸ் – பிசிடிஏ (பி) அலகாபாத்’ என்றும், வழங்கும் அமைப்பு ‘ஸ்பர்ஷ் – பிசிடிஏ (பென்ஷன்ஸ்) அலகாபாத்’ என்றும் இருக்க வேண்டும். ஊர்ப் பெயர் மாறினாலும் பட்டியலில் அலகாபாத் என்றே தேடுங்கள். பிபிஓ எண்ணும் (ஓய்வூதிய ஆணை எண்) பழையதல்ல. ஸ்பர்ஷ் கொடுத்த 12 இலக்க எண். ஓய்வூதிய வகையில் ‘குடும்பம்’ என்று இருக்க வேண்டும். மறுமணம், மறுவேலை என்ற இரண்டு கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்பது பதிவாகியிருக்கிறதா என்று மையத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அவசரத்தில் ‘ஆம்’ என்று சொடுக்கி நிராகரிப்பு வாங்கியவர்கள் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் நிராகரித்தால் காரணம் பெரும்பாலும் பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால், ராணுவப் பதிவில் தந்தை பெயர் முழுதாக முன்னால், திருமணத்துக்குப் பின் கணவர் பெயரில் இனிஷியல் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பது நம் ஊரில் சாதாரணம். கம்ப்யூட்டருக்கு அது மூன்று ஆள். ஆதாரைத் திருத்துவது எளிது என்றால் அதைச் செய்யுங்கள். ராணுவப் பதிவே தவறு என்றால், அவர் இருந்த படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும்; மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் அது வெலிங்டனில் இருக்கிறது. பணியில் இருப்பவர்களின் மனைவிமாருக்கும் இது பொருந்தும். திருமணமும் குழந்தை பிறப்பும் பார்ட்-2 ஆர்டர் என்ற பணிப் பதிவு ஆணையில் ஏறியிருக்கிறதா, எழுத்துப் பிழை இல்லையா என்று பணியில் இருக்கும்போதே பார்த்துவிட்டால், பிறகு அலைச்சல் இல்லை.

வழி தெரியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். அது மாநில அரசு அலுவலகம். பென்ஷனை நிறுத்தவோ விடுவிக்கவோ அதற்கு அதிகாரம் இல்லை. ஆனால் எந்தக் கடிதம் எங்கே போக வேண்டும் என்று சொல்லி, சான்றொப்பமிட்டு அனுப்புவது அவர்கள் வேலை. நின்ற ஓய்வூதியம் சான்று ஏறியதும் பாக்கியோடு வந்துவிடும், பயப்பட வேண்டாம். மையத்துக்குப் போக முடியாதவர்களுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்குப் பதிந்து தருவார். 80 வயது கடந்தவர்கள் நவம்பர் வரை காத்திருக்காமல் அக்டோபர் 1 முதலே பதியலாம்.

உதயகிரிக் கோட்டையும் டிலனாயும் நம் ஊர்ப் பெருமை. திருவிதாங்கூருக்குத் தனிப் படை இருந்ததே, அது எங்கே போனது? இன்றைக்கு ஒரு மாநிலம் படை வைத்துக்கொள்ள முடியாதா?
– தக்கலை வாசகர்

முடியாது. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் முதல் இரண்டு இனங்களே நாட்டின் பாதுகாப்பும் படைகளும்தான். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், மார்த்தாண்ட வர்மாவின் படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்தார். அந்த மரபில் வந்த திருவிதாங்கூர்ப் படை இந்திய ராணுவத்தில் இணைந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9-வது பட்டாலியனாக இன்றும் இருக்கிறது.

இணைப்பு ஒரே நாளில் நடக்கவில்லை. சமஸ்தானங்களாக இருந்து மாநிலமானவை தங்கள் படையை, குடியரசுத் தலைவரின் உத்தரவுகளுக்கு உட்பட்டு, நாடாளுமன்றம் வேறு ஏற்பாடு செய்யும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று அரசமைப்பின் 259-வது பிரிவு அனுமதித்திருந்தது. அப்போதும் அது மத்தியப் படையின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. ஏழாவது திருத்தம் அந்தப் பிரிவை நீக்கியது. நடைமுறைக்கு வந்த நாள் 1956 நவம்பர் 1. குமரி தமிழகத்தோடு இணைந்த அதே நாள், அதே மறுசீரமைப்பின் பகுதி. மாவட்டத்தில் அந்த நாளைக் கொண்டாடுகிறோம், இந்த ஒரு வரியை மட்டும் யாரும் மேடையில் சொல்லிக் கேட்டதில்லை.

மணவாளக்குறிச்சி மணல் ஆலை, மகேந்திரகிரி, விஜயநாராயணம் எல்லாம் பாதுகாப்பு அமைச்சகத்தின் இடங்களா?
– இரணியல் வாசகர்

மூன்றில் ஒன்று மட்டும். மணவாளக்குறிச்சி ஐஆர்இஎல் ஆலை அணுசக்தித் துறையின் கீழ், மகேந்திரகிரி இஸ்ரோ மையம் விண்வெளித் துறையின் கீழ். விஜயநாராயணத்தில் உள்ள ஐஎன்எஸ் கட்டபொம்மன்தான் கடற்படையுடையது. 1990-ல் தொடங்கிய இந்த நிலையம் மிகத் தாழ்ந்த அலைவரிசையில் ஒலிபரப்புகிறது. அந்த அலைதான் கடல்நீருக்குள் சில மீட்டர் இறங்கி, மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக்குச் செய்தி கொண்டு போகும். கூடங்குளத்தில் துப்பாக்கியோடு நிற்கும் சிஐஎஸ்எஃப் உள்துறை அமைச்சகத்தின் படை, ராணுவம் அல்ல. எல்லைப் பாதுகாப்புப் படையும் சிஆர்பிஎஃபும் அப்படியே.

பட்ஜெட்டில் இவ்வளவு கோடி ஒதுக்குகிறார்கள். ஆனால் ஒரு விமானம் வாங்கப் பத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. பணம் எங்கே போகிறது?
– நாகர்கோவில் வாசகர்

2025-26-க்கு ஒதுக்கியது ரூ.6,81,210 கோடி. அதில் சம்பளமும் அன்றாட நடத்துச் செலவும் சுமார் 3,11,732 கோடி, ஓய்வூதியம் 1,60,795 கோடி. புதிதாக வாங்கவும் கட்டவும் மிஞ்சுவது 1,80,000 கோடி. அதிலும் பெரும்பங்கு ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களின் தவணை. மீதி சுமார் 28,683 கோடி அமைச்சகத்தின் சிவில் கணக்கு. கடலோரக் காவல்படையின் செலவு இந்தக் கடைசிக் கணக்கில்தான் வருகிறது. மார்ச் 31-க்குள் செலவாகாதது நிதி அமைச்சகத்துக்குத் திரும்பிவிடும், அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது.

தாமதத்துக்கு வருவோம். படை தனக்கு என்ன வேண்டும் என்று தரக்குறிப்பு எழுதும். அமைச்சர் தலைமையிலான கொள்முதல் குழு ‘தேவைதான்’ என்று ஏற்கும். பத்திரிகைகள் ‘வாங்க ஒப்புதல்’ என்று செய்தி போடுவது இந்த இடத்தில்தான். உண்மையில் அப்போது ஒரு ரூபாய்கூட யாருக்கும் போகாது. பிறகு விலைப்புள்ளி கேட்பது, தொழில்நுட்ப மதிப்பீடு, களச் சோதனை, விலைப் பேச்சு, நிதி ஒப்புதல், பெரிய தொகை என்றால் அமைச்சரவைக் குழு, அப்புறம்தான் ஒப்பந்தம்.

சிக்குவது எங்கே? முதலில் தரக்குறிப்பில். நான்கு நாட்டுக் கருவிகளின் விளம்பரப் புத்தகத்திலிருந்து சிறந்த அம்சங்களை எல்லாம் சேர்த்து எழுதினால், அப்படி ஒரு கருவி உலகத்திலேயே இருக்காது. யாரும் தேறாமல், அல்லது ஒரே கம்பெனி தேறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அடுத்தது சோதனை: ராஜஸ்தான் கோடை, லடாக் குளிர் இரண்டிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஒரு பருவம் தவறினால் ஒரு வருடம் போயிற்று. அதற்குள் கம்பெனி கொடுத்த விலையின் கெடு முடியும். தேவை ஒப்புதலுக்கும் காலக்கெடு உண்டு. அதற்குள் விலைப்புள்ளி கேட்கவில்லை என்றால் அது காலாவதி. தோற்ற கம்பெனி ஒரு புகார்க் கடிதம் போட்டால் கோப்பு நின்றுவிடும், ஏனென்றால் பின்னால் தணிக்கைக்கும் விசாரணைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்ட அதிகாரி. முடிவெடுக்காத அதிகாரியை யாரும் கேள்வி கேட்பதில்லை. நடைமுறை நீளம் என்பதைவிட இந்தப் பயம்தான் தாமதத்துக்கு முக்கியக் காரணம் என்பது எங்கள் கருத்து.

அக்னிவீர் திட்டத்தை மாநில அரசு இங்கே மாற்றி அமைக்க முடியுமா?
– கருங்கல் வாசகர்

முடியாது. ஆளெடுப்பு முழுக்க மத்திய அரசின் வேலை. 2022-ல் வந்த இந்தத் திட்டத்தில் பணி நான்கு வருடம். அதன்பின் 25 சதவீதம் வரை மட்டுமே நிரந்தரமாக எடுப்பார்கள். வெளியே வருபவருக்குக் காவல் துறையிலோ வேறு வேலையிலோ இடஒதுக்கீடு தருவது மட்டும் மாநிலத்தின் கையில் உள்ளது. குமரி மாவட்டத்துக்கான ஆளெடுப்பு அலுவலகம் திருச்சியில் இருக்கிறது.

ராணுவ விஷயம் என்றால் தகவல் உரிமைச் சட்டம் செல்லாது என்கிறார்கள். உண்மையா?
– குழித்துறை வாசகர்

பாதி உண்மை. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருப்பதால், ஊழல், மனித உரிமை மீறல் தவிர மற்றதற்கு விலக்கு. அமைச்சகமும் முப்படைகளும் விலக்குப் பட்டியலில் இல்லை. நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலை 8(1)(அ) பிரிவின்படி மறுக்கலாம், ஆனால் உங்கள் தந்தையின் பணிப் பதிவேடு, பென்ஷன் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பவற்றை அப்படி மறுக்க முடியாது. மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் 10 ரூபாய் கட்டி, 3000 எழுத்துக்குள் கேளுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

‘ஏன் தாமதம்?’ என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல. ‘இந்தத் தேதியில் அனுப்பிய மனு எந்தெந்த அதிகாரியிடம் எந்தெந்த நாளில் இருந்தது, கோப்புக் குறிப்பின் நகல் தருக’ என்று கேளுங்கள். ஐந்து துறைகளில் எது என்று தெரியாமல் தவறான துறைக்கு அனுப்பிவிட்டாலும், ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் கடமை. 30 நாளில் பதில் இல்லை என்றால் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது.